தைப்பிங் கிளர்ச்சியில் வெளிநாட்டுத் தலையீடு

தைப்பிங் கிளர்ச்சி (1850–1864) என்பது சீனாவின் சிங் அரசமரபுக்கு எதிராக ஹொங் சியுசுவான் தலைமையில் நடைபெற்ற உள்நாட்டுப் போர் ஆகும். இதில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பிரித்தானியாவும் பிரான்சும் தொடக்கத்தில் நடுநிலை வகித்துப் பின்னர் சிங் அரசின் பக்கம் நின்றன.

1853-இல் கிளர்ச்சியாளர்கள் நாஞ்சிங் நகரைக் கைப்பற்றித் தலைநகராக்கினர். ஹொங் தன்னை இயேசுவின் தம்பி என்று கூறிக்கொண்டதால், மேற்கத்திய மதப்பரப்பாளர்களுக்கு முதலில் இருந்த ஆர்வம் மெல்லக் குறைந்தது. ஆனால் தலையீட்டை முடிவு செய்தது சமயம் அன்று, வணிகமே. இரண்டாம் அபினிப் போரின் முடிவில் சிங் அரசு புதிய துறைமுகங்களைத் திறக்கவும், இழப்பீடு வழங்கவும் ஒப்புக்கொண்டது. அபினி வணிகம் சட்டபூர்வமானது. தைப்பிங் அரசோ அபினியைத் தடை செய்திருந்தது. சிங் அரசு வீழ்ந்தால் இச்சலுகைகளும் இழப்பீடும் கைநழுவக்கூடும்.

இந்த நிலைப்பாட்டின் முரண் 1860 ஆகத்து மாதத்தில் வெளிப்பட்டது. வடக்கே தாகு கோட்டைகளில் சிங் படைகளைத் தாக்கிய அதே பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள், தெற்கே சாங்காய் நகரை லீ சியுசெங்கின் தைப்பிங் படையிடமிருந்து காத்தன. 1862-இல் சாங்காய்ப் பகுதிப் போர்களில் பிரித்தானிய இந்தியப் படைப்பிரிவுகளும் ஈடுபட்டன.

சாங்காய் வணிகர்களின் பணத்தில் அமெரிக்கரான பிரெடெரிக் டவுன்சென்ட் வார்ட் ஒரு கூலிப்படையைத் திரட்டினார். பின்னர் சீன வீரர்களுக்கு மேற்கத்தியச் சீருடையும் பயிற்சியும் அளித்தார். உள்ளூர் மக்கள் அவர்களைப் 'போலி அந்நியப் பேய்கள்' என்று கேலி செய்தனர். 1862-இல் இப்படைக்கு 'என்றும் வெல்லும் படை' என்ற பெயரைச் சிங் அரசு வழங்கியது. அவ்வாண்டே வார்ட் போரில் இறந்தார். அடுத்து வந்த பர்கெவின் பதவி நீக்கப்பட்டதும் எதிரணியில் சேர்ந்துகொண்டார். கொள்கையைவிடக் கூலியே பெரிதாக இருந்த படைக்கு இது வியப்பன்று.

1863-இல் பிரித்தானிய அதிகாரி சார்லஸ் கோர்டன் தலைமையேற்றார். கால்வாய்கள் நிறைந்த சியாங்சு பகுதியில் நீராவிப் படகுகளும் பீரங்கிகளும் அவருக்குப் பெரிதும் உதவின. டிசம்பரில் சூசோ நகரத் தைப்பிங் தலைவர்கள் சரணடைந்தனர். அவர்களின் உயிருக்குக் கோர்டன் உறுதியளித்திருந்தும், சிங் ஆளுநர் லீ ஹொங்சாங் அவர்களைக் கொன்றார். கடுஞ்சினம் கொண்ட கோர்டன் பேரரசரின் பரிசை மறுத்தார். எனினும் சில வாரங்களில் மீண்டும் களமிறங்கினார்.

பிரித்தானியாவில் 'சீனக் கோர்டன்' என்று புகழப்பட்டாலும், போரை முடித்தவர் அவர் என்பது மிகை. அவரது படை சில ஆயிரம் பேரைக் கொண்டது. 1864 மே மாதத்தில் கலைக்கப்பட்டது. சூலையில் நாஞ்சிங்கைக் கைப்பற்றியது செங் குவோபானின் ஊனான் படையே.