ஆறில்லா ஊரிலிருந்து அருவி மலைக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரிகாலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல வேறொன்றில்லை. மலையென்று சொல்லக் கீரிமலை என்னும் பெயர் மட்டுமே உண்டு. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே எமது தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் ஆதாரம். நேற்றுத் துலாவும் இன்று நீரிறைக்கும் இயந்திரமுமாக, கிணறே எமக்குக் கங்கையும் காவிரியும்.

சாவகச்சேரிச் சந்தையைத் தொட்டுச் செல்லும் பெருந்தெருவுக்குக் கண்டி வீதி என்பது பெயர். அப்பெயர் சுட்டும் ஊருக்கு அவ்வீதியாலேயே சென்றவர்கள் பலர். ஆனால் இரவுப் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடந்தவர்கள்தாம் அவர்களிற் பெரும்பாலோர். பகலில் விழித்திருந்து வழியைக் கண்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராக விரும்பி, ஆகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர் நால்வர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் புறப்பட்டோம். கண்டி வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அதற்கப்பால் நுவரெலியா, அப்புத்தளை மலைவழிகள். மொத்தம் எட்டு நாட் பயணம்.

மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குக் கூரையில்லை, சாளரமில்லை. வன்னிக் காட்டின் வெக்கையும், மாத்தளையில் ஏலமும் கறுவாவும் கலந்த வாசனையும், மலையேற ஏறக் காற்றிற் கூடும் குளிரும் உடம்பிலேயே வந்து படுகின்றன. அன்றியும், எமது தலைமுறையினருக்கு இவ்வண்டியோடு பழைய உறவொன்று இருக்கின்றது. 1990இற் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எமது மூத்தோர். அன்று அவ்வண்டி நோயாளியையும் சுமந்தது, விறகையும் சுமந்தது. ஆனால் இவ்வீதியாற் கண்டிக்குச் செல்ல அதற்கு வழியிருக்கவில்லை. 2002இல் திறக்கப்பட்ட கண்டி வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று ஒரு மாணவன் காலையிற் புறப்பட்டு மாலையிற் கண்டியை அடையலாம் என்பது சிறிய பேறன்று.

குளங்களின் நாடு

ஏற்றுமதிக்கான யானைகளை ஒருகாலத்தில் இவ்வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தமையால் ஆனையிறவு அப்பெயர் பெற்றது என்பர். அதனைக் கடந்து கிளிநொச்சியை அடைந்ததும் வீதியை விட்டுக் கிழக்கே சிறிது தூரம் சென்றால் இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இக்குளமே அப்பகுதி வயல்களின் உயிர். இதன் நீரிற் சிறு பங்கை யாழ்ப்பாணத்தார் குடிப்பதற்குக் கொண்டுவரத் திட்டமிட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல் வறண்டுவிடுமென அஞ்சி எதிர்த்தார்கள். குடாநாட்டின் கிழக்குக் கரையில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இற் திறக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆகஸ்ட் மாதத்து இரணைமடு அணைக்கட்டில் நின்று, நீர் பின்வாங்கி வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தபோது, அவர்களுடைய அச்சம் எமக்கும் விளங்கிற்று.

வவுனியாவைத் தாண்டி அனுராதபுரம் சென்றால், நீரை ஆண்ட பழையவர்களின் திறமை தெரியும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கலாவாவியைக் கட்டினான். அங்கிருந்து அனுராதபுரத்துத் திசாவாவிக்கு நீரைக் கொண்டுவரும் கால்வாய், யோத எல எனப்படுவது, 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதற் 17 மைலில், மைலொன்றுக்கு ஆறு அங்குலமே சரிவு. அளவைக் கருவிகள் நிறைந்த இக்காலத்திலும் வியக்கத்தக்க நுட்பம் இது. கணிதத்தைச் சுமையென எண்ணும் மாணவர்கள் அக்கால்வாய்க் கரையில் ஒரு மணிநேரம் வண்டியை உருட்டிச் செல்வார்களாயின், அதன் பயனை உணர்வார்கள்.

இதே வழியில் நடந்தவர்கள்

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு ஏறும் வழியை நாம் இரண்டு மணிநேரத்துக்குள் கடந்தோம். 1830களின் பின்னர், கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நடந்து, இப்பக்கமாகத்தான் மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களிற் பலரை வழியிலேயே கொன்றன. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலைகளைத் தோட்டமாக்கிய அம்மக்களிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. அந்த அநீதி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1977 வன்செயலின் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்து குடியேறிய மலையகத்தவர் பலர். எனவே வன்னி வயல்களிலும் அவர்களின் வியர்வை கலந்திருக்கின்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும் யாழ்ப்பாணத்து இளைஞன், கோபுரத்தைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாது, இந்த நடைவழியையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும்.

வாவியும் கணவாயும்

கண்டி வாவி 1807இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அமைத்தது. வயலாகக் கிடந்த தாழ்நிலத்தை அணைகட்டி நீர்நிலையாக்கிய அவனே கண்டியின் கடைசி மன்னன். நாயக்கர் வழிவந்த அவன் 1815இற் சிறைப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். வாவிக்கரையில் மாலைக்காற்று வாங்குவோரில் எத்தனை பேருக்கு வேலூரிலுள்ள அவன் சமாதி நினைவுக்கு வரும்?

கண்டிக்கு அப்பால், கம்பளை, புசல்லாவை வழியாக இறம்பொடைக் கணவாய் ஏறும்போதுதான் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உண்மையான சோதனை. கொண்டையூசி வளைவுகள், எதிரே மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வரும் பேருந்துகள், வீதியை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், எமது 100 சீ.சீ. வண்டிகள் மூச்சுவாங்கின. ஒரு பக்கம் 109 மீற்றர் உயரத்து இறம்பொடை அருவி. கீழே 1985இற் கட்டிமுடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம்.

அங்கு நின்றபோதுதான் பயணத்தின் முழுப்பொருளும் எமக்குப் புலனாயிற்று. இம்மலைச் சரிவில் விழும் மழை கொத்மலையிற் தேங்கி, மகாவலியிற் கலந்து, கண்டிக்கருகே பொல்கொல்லையை அடைகின்றது. 1976 முதல் அங்கிருந்து ஒரு பகுதி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் மாத்தளைப் பக்கம் உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, போவத்தன்னை வழியாகக் கலாவாவிக்குச் செல்கின்றது. பழைய கால்வாய் அதனை அனுராதபுரத்துக்குக் கொண்டுசேர்க்கின்றது. இரண்டு நாட்களுக்கு முன் நாம் முகங்கழுவிய குளத்துநீர், அன்று எம்மை நனைத்த மழையின் உறவு! அடுத்தவர் மழையில் விளைந்த நெல்லைத்தான் நாட்டில் பலர் உண்கின்றார்கள்.

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் 1873இல் அமைந்த ஏரியைக் கண்டு, வெலிமடைப் பக்கம் இறங்கினோம். மழை சட்டென நின்றது. மலைத்தொடர் பருவமழையைத் தடுத்துவிடுவதால் ஊவாவில் அப்போது வறண்ட காற்று. அக்காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் கொடுக்கின்றது. அப்புத்தளை மலைவிளிம்பில் நின்றால், கீழே தென்சமவெளி விரிந்து கிடக்கின்றது. புவியியற் பாடத்தின் ஓர் அதிகாரம் அரைநாளிற் கண்முன்னே நடந்து முடிந்தது.

இளைஞர்க்கு ஒரு சொல்

இதனைப் படித்ததும் புறப்பட விரும்பும் மாணவர்களுக்குச் சில கூறவேண்டும். வேகம் பயணமன்று. எமது வீதிகளில் மோட்டார் சைக்கிளால் மாண்ட இளைஞர்களின் வீடுகளை நாம் அறிவோம். அவ்வீடுகளிற் தாய்மார் படும் துயரையும் அறிவோம். பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். யானை கடக்கும் காட்டுவழிகளில் இருட்டியபின் ஓடாதீர்கள். புறப்படுமுன் ரயரையும் செயினையும் பார்த்து, அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கையோடு எடுங்கள். சிங்களத்திற் பத்துச் சொற்களாவது கற்றுச் செல்லுங்கள். தேநீர்க் கடைகளில் அவை எமக்குத் திறந்த கதவுகள் பல.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் விடுமுறை முழுவதையும் தனிவகுப்புகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டில் ஒரு வாரம், தக்க பெரியவர் துணையோடு, பேருந்திலோ புகையிரதத்திலோ வண்டியிலோ நாட்டைப் பார்க்க விடுங்கள். தான் குடிக்கும் தேநீரும் உண்ணும் சோறும் யாருடைய கையால், எந்த மழையால் வந்தன என்று அறிந்த பிள்ளை, கிணற்றில் ஒரு வாளி நீரையும் வீணாக்க மாட்டான். பிறரை எளியவரென்று இகழவும் மாட்டான்.