பிளக்குக்குள் ஒரு வானொலி நிலையம்

தாத்தா காலத்து ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. தபால் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்கி வர வேண்டும். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. இத்தனைக்கும் அந்த ரேடியோ கேட்க மட்டுமே தெரிந்த கருவி. தன் பங்குக்கு ஒரு சொல்லைக்கூடக் காற்றில் விட்டதில்லை. இன்று சுவரில் செருகியிருக்கும் ஸ்மார்ட் பிளக் கேட்கவும் செய்கிறது, ஒலிபரப்பவும் செய்கிறது. ஆனாலும் அதற்காக யாரும் தபால் அலுவலகத்துக்குப் போவதில்லை. லைசென்ஸ் நம் தலையிலிருந்து இறங்கியது உண்மை, சோதனை போய்விடவில்லை. அது தயாரிப்பவரின் தலைக்கு மாறியிருக்கிறது.

கூட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு பங்காளிகள் குடியிருப்பது தெரியும். ஒருவர் 230 வோல்ட்டில் வாழ்பவர்: பித்தளைப் பின்கள், சாக்கெட் துளைகள், நடுவே ரிலே. இன்னொருவர் 3.3 வோல்ட்டில் காலம் தள்ளும் வைஃபை சில்லு. செல்பேசியில் தட்டியதும் சில்லு சொல்ல, ரிலேயின் சுருள் மின்காந்தமாகி ஒரு சிறு தகட்டை இழுக்கும். நமக்குக் கேட்கும் ‘டிக்’ அதுதான். இருவரும் செய்யக்கூடிய தவறுகள் வேறு வேறு. ஒருவர் தவறினால் வீடு பற்றும்; மற்றவர் தவறினால் அக்கம்பக்கத்து வைஃபை கெடும். அதனால் இந்தியாவில் இவர்களைச் சோதிக்கும் அலுவலகங்களும் வேறு வேறு.

முதலில் நெருப்பு. பிளக், சாக்கெட்டுகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1293. 250 வோல்ட், 16 ஆம்பியர் வரை உள்ளவற்றுக்கு இது பொருந்தும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதன்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்குகிறது. இத்தகைய பொருள்கள் சோதனைக்கூடத்தில் படும் பாடு கொஞ்சமல்ல. கரண்ட் பாயும் பாகங்களுக்கும் வெளி உறைக்கும் இடையே 2000 வோல்ட்டை ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள்; மின்காப்பு உடையக் கூடாது. உரிய லோடைச் செலுத்தி, முனைகளின் சூடு 45 டிகிரிக்கு மேல் கூடுகிறதா என்று அளப்பார்கள். செக்கச் சிவக்கக் காய்ச்சிய கம்பியை 30 விநாடி பிளாஸ்டிக்கில் அழுத்துவார்கள். பற்றிக்கொண்டாலும், கம்பியை எடுத்த 30 விநாடிக்குள் தானே அணைய வேண்டும். கீழே விரித்த மெல்லிய தாளில் தீத்துளி விழுந்து பற்றக் கூடாது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்த லோடில் ரிலே தகடு விலகும்போதெல்லாம் சிறு பொறி பறக்கும். பொறி பட்டுப் பட்டு முனைகள் குழிந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். செயலி ‘அணைந்தது’ என்று காட்டும். கீசர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து அலை. இங்கேதான் தாத்தாவின் லைசென்ஸ் திரும்ப வருகிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அனுமதியில்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதைத் தடுத்தன. அதே சட்டங்களின் கீழ்தான் 2005-இல் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளைக் குறைந்த திறனில் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம். டிரான்ஸ்மிட்டரின் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4 வாட். ஐரோப்பாவில் இந்தக் கணக்கு வெறும் 0.1 வாட்தான். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் புழங்கும் பொதுவழி இது.

பொதுவழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: நீ யாரையும் இடிக்கக் கூடாது, உன்னை யாரேனும் இடித்தால் முறையிடவும் கூடாது. தன் கருவி இந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதற்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையோடு தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் ஈ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் பெறுகிறார்.

அண்மைக் காலத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது: பூட்டு சரியாக இருக்கிறதா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்க முடியாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தோடு பேசும் வானொலிக் கருவிகளுக்கு இணையப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிவிட்டது.

கடையில் நிற்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பங்காளியின் சான்று இன்னொருவருக்கு ஜாமீன் ஆகாது. ஈ.டி.ஏ. எண் இருப்பதால் பிளாஸ்டிக் உருகாது என்று பொருளில்லை. பெட்டியில் உள்ள ‘சி.இ.’ ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம். நம் ஊர் சாக்கெட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தரத்தின் எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்பது தெரிந்துவிடும். பிறகு ஆம்பியரைப் பாருங்கள். 10 ஆம்பியர் பிளக் தாங்குவது 2300 வாட். 3000 வாட் ஹீட்டரை அதில் மாட்டினால் எந்த முத்திரையும் காப்பாற்றாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் பொதுவழியின் நிபந்தனை மாறாது. பக்கத்தில் மைக்ரோவேவ் ஓடும் நேரத்தில் நம் கட்டளை பிளக்கின் காதில் விழாமல் போகலாம். அதைக் கேட்க நமக்குச் சட்டத்தில் இடமில்லை. மேசை விளக்கு ஒரு நிமிடம் தாமதமாக அணைந்தால் நஷ்டமில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கீசரை மட்டும் சுவர் ஸ்விட்சில் கையால் அணைத்துவிட்டுப் போவதே நல்லது.