‘நாதம் சரியில்லை’ என்றால் என்ன செய்வது?

செருப்பு கடிக்கிறது என்றால் வாரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துவிடலாம். ‘நாதம் சரியில்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால்?

தஞ்சாவூரில் மிருதங்கம் செய்த பர்லாந்துக்கு வாய்த்தவர் அப்படிப்பட்ட வாடிக்கையாளர். அவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். லேசில் திருப்தி அடையாதவர்!

வலந்தலைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார். நடுவில் தெரியும் கறுப்பு வட்டம், கல் பொடியையும் சோற்றையும் குழைத்து, பூசிப் பூசித் தேய்த்தது. தோலின் கனம் சற்று மாறினாலும், பூச்சு கொஞ்சம் கூடினாலும் ஒலி மாறிவிடும். ஐயர் காதால் கேட்டதை பர்லாந்து கையால் தேட வேண்டும்.

இதற்கு வழி, இருவரும் சேர்ந்தே தேடியதுதான். மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். குறை சொல்பவர் கூட்டாளி ஆனார். மிருதங்கத்தின் ஒலியும் மெருகேறியது.

மணி ஐயருக்கு 1966-ல் சங்கீத கலாநிதி, 1971-ல் பத்மபூஷண். பர்லாந்தின் பெயரோ பல ரசிகர்களுக்குத் தெரிய வந்ததே, 2020-ல் டி.எம்.கிருஷ்ணா மிருதங்கத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதிய பிறகுதான்.

அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும், தோலைப் பதமாக்கிய கைகளுக்கும் சேர்த்தே தட்டுங்கள்!