டொனேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

மார்ச் வந்தாலே ஆஃபீஸ்ல பலரும் 80ஜி ரசீது தேடுவாங்க. (புது வரி முறையில இருந்தா அந்தக் கழிவே கிடையாது, அது வேற விஷயம்.) டிரஸ்டைப் பத்தி நீங்க கேக்கற முதல் கேள்வி, "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" ஆடிட்டரா சொல்றேன், அது பாதிக் கணக்குதான். 100 ரூபாயில 90 ரூபாய் பிள்ளைங்களுக்கே போகலாம். அதனால என்ன மாறுச்சு?

1990-களில் மேற்கு கென்யாவில், பின்னாடி நோபல் வாங்கின மைக்கேல் கிரெமர் குழு இதைச் சோதிச்சுப் பார்த்தது. சில பள்ளிகளுக்கு மட்டும் இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தாங்க. கொடுக்காத பள்ளிகளோட ஒப்பிட்டா, சராசரி மார்க் ஏறவே இல்லை! புத்தகம் இங்கிலீஷ்ல, பல பிள்ளைகளுக்கு அது மூணாவது மொழி. ஏற்கெனவே நல்லாப் படிச்சவங்களுக்குத்தான் அது உதவுச்சு.

இன்னொரு சோதனை, 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை. பள்ளிக்கு வராம இருக்கறது நாலில் ஒரு பங்கு குறைஞ்சது. ஒரு வருஷக் கூடுதல் வருகைக்கு ஆன செலவு சுமார் 3.50 டாலர்னு 2004-ல் வந்த கட்டுரை சொல்லுது. ஆனா மார்க் இதிலயும் ஏறலை. எந்தப் பலனை அளக்கறோமோ, அதுக்குத்தான் இந்த விலை. புழுத்தொல்லை இல்லாத ஊர்ல இதே மாத்திரை வெறும் செலவு.

அதனால "எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. "கொடுக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்"னும் கேளுங்க. சின்ன டிரஸ்டால பெரிய ஆய்வெல்லாம் பண்ண முடியாது. போன வருஷ, இந்த வருஷ வருகைப் பதிவேட்டைக் காட்டினாலே எனக்குப் பேச ஒரு ஆரம்பம் கிடைச்சிடும்.