குடலுக்குள் ஒரு கூட்டணி

சாப்பிடும் கொழுப்பு ரத்தத்தில் என்ன ஆகிறது என்பதில் கல்லீரலுக்கு மட்டுமல்ல, குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு.

ரொட்டி, நெய், தயிர், மோர். இது பஞ்சாபி ரயில்வே ஊழியரின் சாப்பாடு. தெற்கே அவருடைய சக ஊழியருக்குச் சோறு. கொழுப்பு மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் விதை எண்ணெய். இந்த இருவரில் இதய நோய் யாருக்கு அதிகம்?

10 லட்சத்துக்கும் அதிகமான ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1967-ல் தந்த விடை யாரும் எதிர்பாராதது. பஞ்சாபிகள் 8 முதல் 19 மடங்கு அதிகக் கொழுப்பு சாப்பிட்டார்கள். ஆனால் இதய நோய் தென்னிந்தியர்களிடம்தான் 7 மடங்கு அதிகமாக இருந்தது. பால் கொழுப்பில் உள்ள குறுகிய சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும், புளிக்கவைத்த பால் உணவுகளும் காரணமாக இருக்கலாம் என்றார் மல்ஹோத்ரா.

அதற்காக நெய் டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டு எந்த உணவையும் நிரபராதி என்று விடுவிக்க முடியாது. உழைப்பு, பரம்பரை, புகைப்பழக்கம் என்று வேறு சாட்சிகள் பல உண்டு. நெய்யில் 60 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்புதான். ஆனாலும் மல்ஹோத்ரா எழுப்பிய கேள்வி சாகவில்லை. கொழுப்பின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா?

கொழுப்பின் பயணத்தைப் பார்த்தால் விடை கொஞ்சம் புலப்படும். கல்லீரல், கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. அவை கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்க, நொதிகள் அதைச் செரிக்கின்றன. பிறகு அது நிணநீர் வழியாக ரத்தத்தில் கலந்து தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் கல்லீரல் செல்களின் ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இந்த ஏற்பிகள் குறைகின்றன. எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

பாக்டீரியாக்கள் எங்கே வருகின்றன? பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் குடலிலிருந்து கல்லீரலுக்கே திரும்பிவிடும். மீதி பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வேறு வடிவங்களாக மாற்றுகின்றன. இந்தப் புதிய அமிலங்கள் கொழுப்பையும் சர்க்கரையையும் எப்படிக் கையாள்வது என்று உடலுக்குச் சமிக்ஞை தருகின்றன. நார்ச்சத்து அதிகமாக இருந்தால் பித்த அமிலம் அதிகம் வெளியேறும். இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸ், பருப்பு வகைகளால் எல்.டி.எல். குறைவதற்கு இது ஒரு காரணம்.

கொழுப்பும் பாக்டீரியாக்களை மாற்றுகிறது. சீனாவில் ஆரோக்கியமான 217 இளைஞர்களுக்கு 6 மாதம் மூன்று விதமான உணவு தரப்பட்டது. மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 20, 30, 40 சதவீதம். 2019-ல் வெளியான முடிவின்படி, 40 சதவீதக் குழுவினரிடம் ஃபீகலிபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா குறைந்தது. குடல் தயாரிக்கும் குறுகிய சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் குறைந்தன. அழற்சிக்கான அறிகுறிகள் கூடின. இத்தனைக்கும் அவர்களுக்குத் தரப்பட்டது நெய் அல்ல, சோயா எண்ணெய்.

நம் குடலும் ஒரே மாதிரி இல்லை. போபாலிலும் கேரளத்திலும் 110 பேரிடம் நடந்த ஆய்வு (இதுவும் 2019-ல் வந்தது) இரு இடத்தாரின் பாக்டீரியாக்களிலும் தெளிவான வேறுபாட்டைக் கண்டது. போபால்காரர்களிடம் பிரிவோடெல்லாவின் ஆதிக்கம். தாவர உணவு அதிகம் சாப்பிடுவோரிடம் செழிக்கும் இனம் அது.

இன்று வடக்கு, தெற்கு என்று யாரும் மார்தட்ட முடியாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியர்களில் 81.2 சதவீதம் பேரின் ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு இருப்பதாகக் கணித்தது. உயர் கொலஸ்ட்ராலில் முதலிடம் கேரளம். ரத்தக் கொதிப்பில் முதலிடம் பஞ்சாப்.

அப்படியானால் என்னதான் செய்வது? வனஸ்பதியில் அதிகம் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டியது நாம்தான். எண்ணெய், நெய் இரண்டிலும் அளவு தேவை. டாக்டர் தந்த கொலஸ்ட்ரால் மாத்திரையை மோரை நம்பி நிறுத்துவது ஆபத்து. எண்ணெயைக் கரண்டியால் அளக்கும் குடும்பங்கள், தட்டில் பயறும் கீரையும் முழுதானியமும் எவ்வளவு என்றும் அளந்து பார்க்கலாம். குடலுக்குள் இருக்கும் கூட்டாளிகளுக்கும் சாப்பாடு போட்டாக வேண்டுமே.