தோற்றால் ஆட்டத்தை மாற்ற வேண்டுமா? சின்னர், ஃபெடரர் கதை சொல்லும் பதில்

2025 செப்டம்பர் 7. நியூயார்க், ஆர்தர் ஆஷ் மைதானம். அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் கார்லோஸ் அல்காரஸிடம் 2-6, 6-3, 1-6, 4-6 என்ற செட் கணக்கில் தோற்றார் யானிக் சின்னர். கோப்பை மட்டும் போகவில்லை. 65 வாரங்களாகக் கையில் வைத்திருந்த நம்பர் 1 இடமும் சேர்ந்தே போனது.

அதன் பிறகு பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்ன விஷயம்தான் டென்னிஸ் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தன் ஆட்டம் எளிதில் கணிக்கும்படி இருந்தது என்று ஒப்புக்கொண்டார். இனி சில மாற்றங்களை முயற்சி செய்யப் போவதாகவும், அதனால் சில போட்டிகளில் தோற்றாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்.

இதில் என்ன ஆச்சரியம்? அந்த ஆண்டின் 4 கிராண்ட் ஸ்லாம் தொடர்களிலும் இறுதிப் போட்டிக்கு வந்தவர் சின்னர். அதில் ஆஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன் இரண்டையும் வென்றவர். இந்த இறுதிப் போட்டிக்கு முன்புவரை ஹார்ட் கோர்ட் கிராண்ட் ஸ்லாம்களில் தொடர்ச்சியாக 27 போட்டிகளை ஜெயித்திருந்தவர். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

அப்படி என்னதான் தப்பாச்சு?

சின்னரின் பலம் எளிமையானது. பேஸ்லைனில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் வேகமாக, தட்டையாக, இடைவிடாமல் அடிப்பார். எதிராளிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உலகின் பெரும்பாலான வீரர்களைச் சாய்க்க இதுவே போதும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அமெரிக்க ஓபன் தொடர் முழுக்க சர்வ் அண்டு வாலி ஆடவே இல்லை, டிராப் ஷாட்டும் அதிகம் பயன்படுத்தவில்லை என்று சின்னரே சொன்னார். முந்தைய சுற்றுகளில் அவை தேவைப்படவில்லை. இறுதிப் போட்டியில் தேவைப்பட்டபோது, பழகாத ஆயுதத்தை உறையிலிருந்து எடுப்பது கஷ்டமாக இருந்தது. எதிரே நின்ற அல்காரஸோ வேகம், சுழல், உயரம், டிராப் ஷாட் என மாற்றி மாற்றி ஆடக்கூடியவர். போதாக்குறைக்கு அன்று சின்னரின் முதல் சர்வில் 48% மட்டுமே கட்டத்துக்குள் விழுந்தது.

தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருப்பவரின் குறை வெளியே தெரியாது. அது தெரிவதற்கு அந்தக் குறையைக் குத்திப் பார்க்கும் திறமையுள்ள ஒருவர் எதிரே வர வேண்டும்.

ஒரு தோல்விக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?

தேவையில்லை. தோல்வியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அன்றைக்கு உடம்பு சரியில்லை, சர்வ் விழவில்லை, எதிராளி வாழ்நாள் ஆட்டம் ஆடினார் என்கிற ரகம். இதற்காக ஆட்டத்தை மாற்றினால் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதை. இன்னொன்று, அதே ஆள், அதே வழியில், திரும்பத் திரும்ப வீழ்த்துவது.

சின்னரின் கணக்கைப் பாருங்கள். 2025 சீசன் முழுக்க 58 வெற்றி, வெறும் 6 தோல்வி. அந்த 6-ல் 4 அல்காரஸிடம். சின்சினாட்டி இறுதிப் போட்டியில் உடல்நலக் குறைவால் பாதியில் விலகியதைக் கழித்தாலும் ரோம், பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் என மூன்று பெரிய இறுதிப் போட்டிகள் மிச்சம் இருக்கின்றன. மற்ற எல்லோரிடமும் செல்லுபடியாகும் ஆட்டம் ஒரே ஒருவரிடம் செல்லவில்லை. அந்த ஒருவர்தான் கோப்பைக்கும் இவருக்கும் நடுவில் நிற்கிறார் என்றால், அது தற்செயல் அல்ல.

இதில் இன்னொரு சுவாரஸ்யம், அல்காரஸும் இதே வழியில் வந்தவர்தான். 2025 ஜூலையில் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் சின்னரிடம் தோற்றார். அதன் பிறகு சுமார் 2 வாரங்களை சின்னரை வெல்வதற்குத் தேவையான பயிற்சிக்கென்றே ஒதுக்கியதாக அவருடைய அப்போதைய பயிற்சியாளர் ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோ பின்னர் சொன்னார். ஜூலையில் தோற்றவர் செப்டம்பரில் பாடம் நடத்தினார். செப்டம்பரில் தோற்றவர் இப்போது நோட்டைத் திறக்கிறார்.

ஃபெடரர் செய்த தவறு

இந்தக் கேள்விக்கு டென்னிஸ் வரலாற்றில் முழுமையான பதில் இருப்பது ரோஜர் ஃபெடரரிடம். ஏனென்றால் அவர் தப்பாகவும் மாற்றியிருக்கிறார், சரியாகவும் மாற்றியிருக்கிறார்.

2013 விம்பிள்டன். நடப்பு சாம்பியனாக வந்த ஃபெடரர், தரவரிசையில் 116-வது இடத்தில் இருந்த செர்ஜி ஸ்டாகோவ்ஸ்கியிடம் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார். தொடர்ச்சியாக 36 கிராண்ட் ஸ்லாம்களில் குறைந்தபட்சம் காலிறுதியை எட்டிவந்த சாதனை அன்றோடு முடிந்தது.

அடுத்த சில வாரங்களிலேயே புதிய ராக்கெட்டோடு களமிறங்கினார். அதுவரை அவர் பயன்படுத்தியது 90 சதுர அங்குல முகப்பு கொண்ட சிறிய ராக்கெட். புதியது 98 சதுர அங்குலம். முகப்பு பெரிதானால் பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் ஷாட் ஓரளவு சரியாகப் போகும். யோசனை சரிதான். நேரம்தான் தப்பு. சீசனின் நடுவில், முதுகுவலியும் சேர்ந்துகொள்ள, ஹாம்பர்க் அரையிறுதியில் தோற்றார். ஸ்டாடில் முதல் போட்டியிலேயே தோற்றார். அமெரிக்க ஓபனுக்குள் பழைய ராக்கெட்டுக்கே திரும்பிவிட்டார். அங்கேயும் நான்காவது சுற்றைத் தாண்டவில்லை.

பிறகு எப்படி ஜெயித்தார்?

ராக்கெட்டை மாற்றும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. அவசரத்தை மட்டும் கைவிட்டார். சீசன் முடிந்த இடைவெளியில் நிதானமாகப் பழகி, 2014-ல் 97 சதுர அங்குல ராக்கெட்டுக்கு மாறினார். வலையருகே ஆடுவதில் பெயர்பெற்ற ஸ்டெஃபான் எட்பர்க்கைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். உடனே கிராண்ட் ஸ்லாம் வரவில்லை. 2014, 2015 விம்பிள்டன், 2015 அமெரிக்க ஓபன் என மூன்று இறுதிப் போட்டிகளில் ஜோகோவிச்சிடம் தோற்றார்.

ஆனால் ஃபெடரரின் பழைய தலைவலி வேறொருவர்: ரஃபேல் நடால். இடது கை ஆட்டக்காரரான நடால், அதிகச் சுழலோடு குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் நேராக ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் போகும். தரையில் பட்டு தோள் உயரத்துக்கு எழும்பும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடுபவருக்கு அந்த உயரம்தான் நரகம். பலமாக அடிக்க முடியாது. ஸ்லைஸ் செய்து திருப்பி அனுப்பினால், நடால் மறுபடி அதே இடத்தில் அடிப்பார். 2008 விம்பிள்டன், 2009 ஆஸ்திரேலிய ஓபன் என ஐந்து செட் வரை போன இறுதிப் போட்டிகளும் நடால் பக்கமே சாய்ந்தன. 2016 முடிவில் இருவருக்கும் இடையிலான கணக்கு 23-11. முன்னிலையில் இருந்தவர் நடால்.

2016-ல் முழங்கால் பிரச்சினையால் விம்பிள்டனுக்குப் பிறகு 6 மாதம் ஓய்வு. புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சியாளர் இவான் லூபிசிச்சும் பேக்ஹேண்டில் பெயர் வாங்கிய முன்னாள் வீரர்தான். 2017 ஜனவரியில் திரும்பி வந்த ஃபெடரர், ஸ்லைஸைக் குறைத்திருந்தார். பந்து தோள் உயரத்துக்கு எழும்வரை காத்திருக்காமல், பேஸ்லைனை ஒட்டி நின்று, அது எழும்போதே பேக்ஹேண்டால் பலமாக அடித்தார். மூன்று வருடமாகக் கையில் பழகிய பெரிய ராக்கெட் அந்தத் துணிச்சலுக்குத் துணை நின்றது.

ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில் எதிரே அதே நடால். ஐந்தாவது செட்டில் 1-3 எனப் பின்தங்கியிருந்தார் ஃபெடரர். பழைய ஃபெடரராக இருந்திருந்தால் அங்கே பாதுகாப்பான ஸ்லைஸுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. அடுத்த 5 கேம்களையும் வரிசையாக வென்று 6-4, 3-6, 6-1, 3-6, 6-3 எனக் கோப்பையைக் கைப்பற்றினார். அதே ஆண்டில் இண்டியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் என நடாலைச் சந்தித்த எல்லா இடத்திலும் வென்றார். 2018 பிப்ரவரியில், 36 வயதில், மீண்டும் உலக நம்பர் 1.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அவர் எதை மாற்றவில்லை என்பதைத்தான். சர்வ், ஃபோர்ஹேண்ட், முன்னேறி ஆடும் குணம் எல்லாம் அப்படியே இருந்தன. மாறியது, நடால் வழக்கமாகக் குறிவைத்த அந்த ஒரே இடம்.

மாறாமலேயே ஜெயிச்சவங்க இல்லையா?

இருக்கிறார்கள். பீட் சாம்ப்ராஸ் 14 கிராண்ட் ஸ்லாம் வென்றார். பிரெஞ்சு ஓபன் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 1996-ல் அரையிறுதி வந்ததுதான் அங்கே அவரது உச்சம். களிமண் தரைக்காகத் தன் சர்வ் அண்டு வாலி ஆட்டத்தை அவர் தலைகீழாக மாற்றவில்லை. அதே ஆட்டம் அவருக்கு 7 விம்பிள்டன் கொடுத்தது. ஒரு கதவு மூடியிருந்தாலும் மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன என்றால், மாறாமல் இருப்பதும் ஒரு நியாயமான முடிவுதான். விலை தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றப்போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2009 ஆகஸ்டில் டாட் மார்ட்டினின் ஆலோசனையைப் பெறத் தொடங்கிய ஜோகோவிச்சின் சர்வ், அடுத்த சில மாதங்களில் தாளம் தப்பியது. 2010-ன் முதல் பாதியில் டபுள் ஃபால்ட்கள் குவிந்தன. அந்தக் கூட்டணி சில மாதங்களிலேயே முடிந்தது. சர்வ் மறுபடி பிடிபட்ட பிறகு, 2011-ல் அவர் 3 கிராண்ட் ஸ்லாம் வென்றார்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சர்வ் என்பது யோசித்துச் செய்யும் வேலை இல்லை. ஆயிரக்கணக்கான முறை செய்து உடம்பே மனப்பாடம் செய்துவைத்த அசைவு. அதில் ஒரு சின்ன விஷயத்தை மாற்றினாலும், புதியது உடம்பில் ஊறும்வரை பழையதும் கையில் இருக்காது. அழுத்தமான தருணத்தில் உடம்பு பழைய வழிக்கே ஓடும். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் தோல்விகள் வரும். சில போட்டிகளில் தோற்றாலும் பரவாயில்லை என்று சின்னர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

சரி, சின்னர் என்ன செஞ்சார்?

பயிற்சியாளர்கள் சிமோனே வாக்னோஸி, டேரன் காஹில் இருவரோடும் சேர்ந்து முதலில் கைவைத்தது சர்வில். கூடவே டிராப் ஷாட், வலைக்கு முன்னேறுவது ஆகியவற்றைப் போட்டிகளில் முயற்சி செய்ய ஆரம்பித்தார். பெய்ஜிங்கில் பட்டம் வென்றார். ஷாங்காயில் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். பிறகு வியன்னா, பாரிஸ் என இரண்டு பட்டங்கள்.

நவம்பர் 16-ல் டூரின் நகரில் ஏடிபி ஃபைனல்ஸ் இறுதிப் போட்டி. மறுபடி அல்காரஸ். முதல் செட்டில் அல்காரஸுக்கு ஒரு செட் பாயிண்ட். அதுவும் சின்னரின் இரண்டாவது சர்வில். அங்கே பாதுகாப்பாகப் போடாமல் துணிந்து வேகமாகப் போட்டுத் தப்பித்தார். 7-6, 7-5 என ஜெயித்தார். தொடர் முழுக்க ஒரு செட்கூட இழக்கவில்லை.

மாற்றம் வென்றுவிட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. டூரின் உள்ளரங்க மைதானம். காற்றோ வெயிலோ குறுக்கிடாத அந்தச் சூழல் சின்னருக்கு எப்போதுமே சாதகம். முந்தைய ஆண்டும் அங்கே சாம்பியன் அவர்தான். ஆண்டின் இறுதி நம்பர் 1 இடமும் அல்காரஸுக்கே போனது. ஃபெடரருக்கு ராக்கெட் மாற்றம் முழுப் பலன் தர 3 வருடம் ஆனதை மறக்கக் கூடாது.

அப்போ, மாத்தணுமா வேண்டாமா?

முடிவெடுக்கும் முன் ஒரு வீரர் தன்னையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. இது ஒரு நாள் தோல்வியா, திரும்பத் திரும்ப வருவதா? ஒரு நாள் தோல்வி என்றால் தூங்கி எழுந்து அடுத்த போட்டிக்குப் போகலாம்.

2. மாற்றப்போவது ஓட்டையையா, அஸ்திவாரத்தையா? ஃபெடரர் ஓட்டையை அடைத்தார். அஸ்திவாரத்தைத் தொடவில்லை.

3. பழகும் வரை வரப்போகும் தோல்விகளுக்கு நேரமும் பொறுமையும் இருக்கிறதா? இல்லையென்றால் 2013 கோடையில் ஃபெடரருக்கு நடந்ததுதான் நடக்கும்.

நியூயார்க்கில் சின்னர் எடுத்த முடிவு இந்த மூன்றையும் தாண்டி நிற்கிறது. அல்காரஸிடம் தோற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் பேஸ்லைன் ஆட்டத்தை விடவில்லை, கூடச் சில ஆயுதங்களைச் சேர்க்கிறார். தோற்கவும் தயார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 24. கீழே விழுந்த பிறகு கட்டாயத்தால் மாறுவதைவிட, உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும்போதே மாறத் துணிவது கஷ்டம். ஆனால் கற்றுக்கொள்ள நேரம் மிச்சமிருப்பது அப்போதுதான்.