திங்கட்கிழமை மூச்சு

கதர் இயக்கத்துக்கு உற்ற துணையாய் நின்ற ஊர் திருப்பூர். 1932-ல் குமரன் கொடி காத்து உயிர் நீத்ததும் இங்கேதான். இவ்வூரைச் சூழ்ந்த நூற்பாலைகளில் உழைப்போரின் மூச்சைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மார்பு இறுகுகிறது, இருமல் காண்கிறது. மறுநாள் அது தணிந்துவிடுவதால் வெறும் சளி என்று அலட்சியம் செய்கிறார்கள். பிஸினோஸிஸ் என்னும் பஞ்சுத் தூசி நோயின் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். பேலைப் பிரிக்குமிடத்திலும் கார்டிங் பகுதியிலும் தூசி மிகுதி. அதில் கலந்த நுண்ணுயிர்களின் நஞ்சே சுவாசக் குழாயைச் சுருக்குவதாக வைத்திய நிபுணர்கள் கருதுகின்றனர். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் குணமுண்டு. ஆண்டுகள் பல கடந்தாலோ இழந்த மூச்சு மீளாது.

வெல்லமும் வாழைப்பழமும் உண்டால் பஞ்சு வெளியேறிவிடும் என்று நம்புவோர் உண்டு. உணவு செல்வது இரைப்பைக்கு. தூசி செல்வதோ நுரையீரலுக்கு! கைக்குட்டையும் நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் வேண்டும். பீடி, சிகரெட்டை அறவே விடுதல் வேண்டும். ஆண்டுதோறும் ஸ்பைரோமீட்டரில் ஊதி மூச்சின் அளவைக் குறித்து வந்தால், குறைவு தொடங்கும்போதே தெரிந்துவிடும். தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுவது ஆலை முதலாளிகளின் கடமை.

நோயாளியிடம் அவன் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று 1700-லேயே எழுதி வைத்தார் இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி. வைத்தியர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல மறக்கலாகாது. மில்லுக்குச் செல்லும் மகனோ மகளோ திங்களன்று வீடு திரும்பியதும், மார்பு இறுகிற்றா என்று கேட்பது பெற்றோர் கடமை. நம் மானம் காக்க நூல் நூற்பவரின் மூச்சை நாம் காக்க வேண்டாமா?